எட்டுக் கால் சிப்பும் பட்டன் பேட்டரியும்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து குறித்துவைக்கும் ஒரு சிறு கருவியை எண்ணிப்பாருங்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஓர் உணரி, நிரலை ஓட்டும் சிறு கணினிச் சிப்பான ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு பட்டன் பேட்டரி. ஒரு நாளைக்கு 144 பதிவுகள், பதிவுக்கு 16 பைட். பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பதிவுகள் அழியக் கூடாது. அதற்காகவே பலகையின் ஓரத்தில், துவரம் பருப்பு அளவில், எட்டுக் கால்களோடு ஒரு கறுப்புச் சிப் உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் சீரியல் ஃபிளாஷ் நினைவகம்.

இது அபூர்வப் பொருள் அல்ல. மடிக்கணினியின் பொத்தானை அமுக்கியதும் முதலில் ஓடும் நிரல் இப்படி ஒரு சிப்பில்தான் இருக்கிறது. வைஃபை ரூட்டரிலும் தொலைக்காட்சியிலும் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை பைகோ பலகையில் நாம் ஏற்றும் நிரல் போய்ச் சேருவதும் 2 மெகாபைட் கொண்ட இத்தகைய சிப்பில்தான். ஆனால் சுவரிலிருந்து மின்சாரம் வரும் கருவியில் அது எவ்வளவு குடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பட்டன் பேட்டரி என்று வந்துவிட்டால் கதை வேறு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு அறையும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள், எல்லாப் பக்கமும் மின்காப்புப் படலம் சூழ்ந்த ஒரு கடத்தித் துண்டு இருக்கிறது. மிதக்கும் வாயில் என்று அதைச் சொல்வார்கள். அதனுள் எலக்ட்ரான்களைத் திணித்துவிட்டால் அவை வெளியேற வழியில்லை. மின்சாரம் நின்ற பின்னும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எலக்ட்ரான் நிறைந்த அறையை 0 என்றும், காலியான அறையை 1 என்றும் சிப் படிக்கிறது. இந்த மிதக்கும் வாயிலை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவொன் காங், சைமன் சீ என்ற இருவர் முன்வைத்தார்கள். ஒரு பெரிய பகுதியை ஒரே வீச்சில் மின்சாரத்தால் அழிக்கும் ஃபிளாஷ் முறையை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி, 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் விளக்கினார். மொத்தமும் சட்டென்று அழிவதைப் பார்த்த அவருடைய சக ஊழியருக்குக் கேமரா ஃபிளாஷ் நினைவுக்கு வந்ததாம். பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தப் பெயருக்குள்ளேயே இந்தச் சிப்பின் குணம் அடங்கியிருக்கிறது. வாசலில் மாக்கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். போட்ட கோலத்தில் இன்னொரு புள்ளியைச் சேர்ப்பது எளிது. ஆனால் நடுவில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் எடுக்க முடியாது. வாசல் முழுவதையும் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். ஃபிளாஷும் அப்படியே. எழுதுவது என்றால் 1ஐ 0 ஆக்குவது மட்டும். அதை எந்தப் பைட்டிலும் தனியாகச் செய்யலாம். 0ஐ மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால், அந்தப் பைட் இருக்கும் செக்டார் முழுவதையும் அழித்தாக வேண்டும். செக்டார் என்பது வழக்கமாக 4096 பைட். அழித்த இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் பதினாறு குறிகளால் எழுதும் பதினாறடிமான எண்ணில் ஒவ்வொரு பைட்டும் எஃப்எஃப் என்று தெரியும். தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் சிப்பும் இந்த வெற்று நிலையில்தான் வருகிறது. இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

சீரியல் என்ற சொல்லுக்கு வருவோம். பழைய ஃபிளாஷ் சிப்புகளுக்கு 32 கால், 48 கால் என்று இருக்கும். முகவரிக்குத் தனிக் கம்பிகள், தரவுக்குத் தனிக் கம்பிகள். சீரியல் ஃபிளாஷ் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் பிட் பிட்டாக அனுப்புவதால் நான்கு கம்பி போதும். ஒன்று கடிகாரத் துடிப்பு. ஒன்று சிப்புக்குப் போகும் தரவு, ஒன்று சிப்பிலிருந்து வரும் தரவு. நான்காவது, ‘உன்னைத்தான் கூப்பிடுகிறேன்’ என்று சிப்புக்குச் சொல்லும் தேர்வுக் கம்பி. அதைத் தாழ்த்தினால் சிப் காதுகொடுக்கும், உயர்த்தினால் பேச்சு முடிந்தது. இந்த முறைக்கு எஸ்பிஐ என்று பெயர். மோட்டோரோலா நிறுவனம் கொண்டுவந்தது.

உரையாடல் எப்படி இருக்கும் என்று ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். தேர்வுக் கம்பியைத் தாழ்த்தி, 9எஃப் என்ற ஒரு பைட்டை அனுப்புங்கள். ‘நீ யார்?’ என்று அதற்குப் பொருள். தைவானின் மேக்ரோனிக்ஸ் தயாரிக்கும் எம்எக்ஸ்25ஆர்6435எஃப் என்ற சிப் என்றால், சி2, 28, 17 என்று மூன்று பைட் திரும்பி வரும். முதலாவது தயாரிப்பாளரின் அடையாளம், இரண்டாவது சிப்பின் குடும்பம். மூன்றாவதுதான் அழகு. பதினாறடிமான 17 என்பது நம் கணக்கில் 23. இரண்டின் 23ஆம் அடுக்கு 83,88,608. சிப்பில் அத்தனை பைட் இருக்கிறது. அதாவது 8 மெகாபைட். சிப்பின் பெயரில் 64 என்று இருக்கிறதே, 64 மெகாபைட் இல்லையா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பெயரில் இருப்பது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால்தான் பைட்.

எழுதுவதற்கு 02, அழிப்பதற்கு 20, படிப்பதற்கு 03. ஆனால் எழுதுவதற்கும் அழிப்பதற்கும் முன்னால் ஒவ்வொரு முறையும் 06 என்ற அனுமதிக் கட்டளையை அனுப்ப வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் அந்த அனுமதி தானாக ரத்தாகிவிடும். தொல்லை என்று தோன்றும். ஆனால் பேட்டரி தள்ளாடும் நேரத்தில் கம்பியில் வரும் குப்பை பிட்டுகளைச் சிப் அழிப்புக் கட்டளையாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். இந்தக் காவல் மிக அவசியம்.

இனி மின்சாரக் கணக்கு. சந்தையில் எளிதாகக் கிடைப்பது வின்பாண்டின் டபிள்யூ25கியூ64. அதுவும் 8 மெகாபைட்தான். எழுதும்போது ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. 256 பைட் கொண்ட ஒரு பக்கத்தை எழுத வழக்கமாக 0.4 மில்லி விநாடி. வேலையில்லாமல் காத்திருக்கும்போது ஏறக்குறைய 10 மைக்ரோ ஆம்பியர். இதைப் பார்த்ததும் எல்லோருடைய கண்ணும் 20 மில்லி ஆம்பியரில்தான் போய் நிற்கும். 10 மைக்ரோவைப்போல் அது 2000 மடங்கு அல்லவா!

நம் கருவியின் ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். 144 பதிவுக்கும் முழுப் பக்கத்தின் நேரத்தையே தாராளமாகக் கொடுத்தாலும், எழுதும் நேரம் ஒரு நாளைக்கு மொத்தம் 58 மில்லி விநாடிதான். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதன் செலவு 0.32 மைக்ரோ ஆம்பியர்-மணி. மீதி நேரம் முழுவதும் சிப் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதன் செலவு, 10 மைக்ரோ ஆம்பியரை 24 மணியால் பெருக்கினால், 240 மைக்ரோ ஆம்பியர்-மணி. வேலை செய்ததைவிடச் சும்மா இருந்தது 750 மடங்கு செலவு வைத்திருக்கிறது. குறைந்த மின்சாரச் சிப் என்று ஒன்றை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் எது என்பது இந்தக் கணக்கில் வெளிச்சமாகத் தெரிகிறது.

இதற்காகத்தான் ஆழ்துயில் என்ற நிலை இருக்கிறது. பி9 என்ற ஒரு பைட்டை அனுப்பினால் சிப் தன் உள்சுற்றுகளில் பெரும்பகுதியை அணைத்துக்கொள்கிறது. டபிள்யூ25கியூ64 ஏறக்குறைய 1 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கிவிடும். நாள் செலவு 240இலிருந்து 24 ஆகிறது. குறைந்த மின்சாரத்துக்கென்றே வடித்த எம்எக்ஸ்25ஆர் குடும்பமோ 7 நானோ ஆம்பியருக்கு இறங்குகிறது. நாள் முழுவதும் தூங்கினாலும் 0.17 மைக்ரோ ஆம்பியர்-மணிதான். எழுதிய செலவைவிடத் தூங்கிய செலவு குறைவு! கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

பேட்டரியில் இதை வைத்துப் பாருங்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர்-மணி. மைக்ரோகன்ட்ரோலர் உறங்கும்போது 2 மைக்ரோ ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். உணரியின் செலவை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஃபிளாஷ் சும்மா காத்திருந்தால் மொத்தம் 12 மைக்ரோ, பேட்டரி 2 ஆண்டு ஓடும். பி9 அனுப்பினால் மொத்தம் 3 மைக்ரோ, 8 ஆண்டுக்கு மேல். பலகையில் ஒரு பொருளையும் மாற்றவில்லை, ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. நிரலில் ஒரே ஒரு வரிதான்! இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஆனால் 7 நானோவைப் பார்த்து மயங்கிவிடவும் வேண்டாம். பட்டன் பேட்டரி எதோடும் இணைக்காமல் மேசையில் கிடந்தாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கை இழக்கும். அது 0.25 மைக்ரோ ஆம்பியர் ஓயாமல் கசிவதற்குச் சமம். அதற்குக் கீழே போன பிறகு, 100 நானோவா 7 நானோவா என்பது நம் கருவிக்குப் பெரிய வேறுபாடு இல்லை. டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில், இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வழக்கமான மதிப்பு. உள்ளே, அட்டவணையில், உச்ச மதிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். வெப்பம் ஏற ஏறக் கசிவும் ஏறுவதால் அந்த எண் பல மடங்கு பெரிதாக இருக்கும். வெயிலில் நிற்கப்போகும் கருவி என்றால் அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தூங்க வைத்தால் எழுப்பவும் தெரிய வேண்டும். அதற்குக் கட்டளை ஏபி. சில மைக்ரோ விநாடி முதல் சில பத்து மைக்ரோ விநாடி வரை பொறுத்தால் சிப் விழித்துவிடும். ஆழ்துயிலில் இருக்கும் டபிள்யூ25கியூ64 போன்ற சிப் ஏபியைத் தவிர மற்ற கட்டளைகளுக்கு வாய் திறக்காது. இது எனக்கு இரண்டு நாள் பாடம் நடத்தியது. கருவி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மைக்ரோகன்ட்ரோலரின் ரீசெட் பொத்தானை அமுக்கினேன். 9எஃப் அனுப்பினால் மூன்று பைட்டும் எஃப்எஃப். சிப் போய்விட்டது என்று முடிவுகட்டி, சூடு வைத்துக் கழற்றிப் புதியதை ஒட்டினேன். முதல் முறை ஓடியது. மறுபடி ரீசெட் அழுத்தியதும் அதே எஃப்எஃப். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மட்டும் உயிர் வந்தது. பிறகுதான் புரிந்தது. ரீசெட் பொத்தான் மைக்ரோகன்ட்ரோலரை மட்டும்தான் மறுபடி தொடங்குகிறது. பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷுக்கு மின்சாரம் நிற்கவே இல்லை. அது ஆழ்துயிலிலேயே கிடக்கிறது. கழற்றிய சிப்பில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து என் நிரல்கள் எல்லாவற்றிலும் ஃபிளாஷிடம் பேசும் முதல் சொல் ஏபிதான். விழித்திருக்கும் சிப்புக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு சிறு விஷயம். மைக்ரோகன்ட்ரோலர் உறங்கும்போது தேர்வுக் கம்பி ஒரு பக்கமும் இல்லாமல் மிதந்தால், ஃபிளாஷ் யாரோ கூப்பிடுவதாக எண்ணிக் குழம்பும். உறக்கம் கெடும், மின்சாரம் கசியும். தேர்வுக் கம்பியிலிருந்து மின்வழங்கி முனைக்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போட்டுவிட்டால் கம்பி எப்போதும் உயர்ந்தே நிற்கும்.

இப்போது அழிப்புக்கு வருவோம். பட்டன் பேட்டரிக்கு உண்மையான சோதனை இதுதான். ஒரு செக்டாரை அழிக்க வழக்கமாக 45 மில்லி விநாடி, உச்சமாக 400 வரை போகலாம். அந்த நேரம் முழுவதும் 20 மில்லி ஆம்பியர். எலக்ட்ரான்களை மின்காப்புக்குள்ளிருந்து இழுத்தெடுக்க உயர் மின்னழுத்தம் தேவை. அதைச் சிப் தனக்குள்ளேயே உருவாக்கிக்கொள்வதால்தான் இவ்வளவு செலவு. பட்டன் பேட்டரியோ மெல்லச் சொட்டவிடுவதற்கென்று செய்தது. புதிய பேட்டரியிலேயே உள்தடை பத்துப் பதினைந்து ஓம் இருக்கும். 15 ஓமில் 20 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 0.3 வோல்ட் விழும். 3 வோல்ட் 2.7 ஆகிவிடும். டபிள்யூ25கியூ64 சிப்பின் ஜேவி வகை வேலை செய்யும் கீழ் எல்லையும் சரியாக 2.7 வோல்ட். பேட்டரி பழகப் பழக உள்தடை கூடும். அப்போது அழிப்பின் நடுவிலேயே மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே சரியும்.

ஒரு மின்தேக்கியைப் போட்டால் சமாளிக்கலாமே என்று தோன்றும். பாதி சரி. 0.4 மில்லி விநாடி எழுத்துக்கு 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி தாராளமாகத் தாங்கும். 0.08 வோல்ட்தான் இறங்கும். ஆனால் 45 மில்லி விநாடி அழிப்புக்கு அதே 0.3 வோல்ட் சரிவோடு நிறுத்த வேண்டுமானால் 3000 மைக்ரோ ஃபாரட் வேண்டும். தீப்பெட்டிக்குள் அது அடங்காது. எனவே குறைந்த மின்சாரச் சிப்பின் இரண்டாவது பெரிய சிறப்பு, என் பார்வையில், அகன்ற மின்னழுத்த எல்லை. எம்எக்ஸ்25ஆர் குடும்பம் 1.65 வோல்ட்டிலிருந்து 3.6 வோல்ட் வரை வேலை செய்யும். பேட்டரி தள்ளாடினாலும் சிப் தள்ளாடாது. அதோடு, வேகத்தை விட்டுக்கொடுத்து மின்னோட்டத்தைக் குறைக்கும் முறையும் அதில் உண்டு. ஒரு பிட்டை மாற்றி வேக முறைக்கும் போகலாம். பத்து நிமிடத்துக்கு 16 பைட் எழுதுபவருக்கு வேகம் எதற்கு?

அதைவிடச் சிறந்த வழி, அழிக்காமலே இருப்பது. புதிதாக நிரல் எழுதுபவர்கள் ‘இதுவரை எத்தனை பதிவு’ என்ற எண்ணை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் அந்தச் செக்டாரை அழித்து எழுதுவார்கள். காகிதத்தில் இயல்பாகச் செய்வதுதான், ஆனால் ஃபிளாஷில் இரண்டு விதத்தில் அடி விழும். ஓர் அழிப்புக்கு 0.25 மைக்ரோ ஆம்பியர்-மணி, நாளைக்கு 144 முறை என்றால் 36. ஆழ்துயிலின் நாள் செலவான 24ஐவிட அதிகம். இரண்டாவது, ஒவ்வொரு அழிப்பும் மின்காப்புப் படலத்தைச் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது. ஒரு செக்டார் 1,00,000 அழிப்பைத் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி தருகிறார்கள். பெரிய எண்தான். ஆனால் நாளைக்கு 144 வீதம் 694 நாளில் அது தீர்ந்துவிடும். எழுதிய தரவு 20 ஆண்டு நிலைக்கும் சிப்பில், இரண்டு ஆண்டு முடியுமுன்னே ஒரு மூலை தேய்ந்துபோகும்.

அந்த எண்ணையே சேமிக்காமல் விட்டுவிடுங்கள். முதல் பதிவைச் சிப்பின் தொடக்கத்தில் எழுதுங்கள், அடுத்ததை அதை ஒட்டி. வெற்று இடத்தில் எழுத அழிப்பு தேவையில்லை. நாளைக்கு 144 பதிவு, 2304 பைட். 8 மெகாபைட் நிரம்ப எத்தனை நாள் ஆகும் என்று வகுத்துப் பாருங்கள். 3640 நாள். ஏறக்குறைய பத்து ஆண்டு, ஒருமுறை கூட அழிக்காமல்! நிரம்பிய பிறகும் மிகப் பழைய பதிவுகள் இருக்கும் ஒரு செக்டாரை மட்டும் அழித்துச் சுற்றிவரலாம். ஒரு செக்டாரில் 256 பதிவு பிடிக்கும் என்பதால், ஒரு நாளுக்கு ஓர் அழிப்பு கூட ஆகாது.

பதிவுக்கு 16 பைட் என்று நான் முதலில் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக. பக்கத்தின் ஓரத்தைத் தாண்டி எழுதப்போனால் மீதி அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்கே இருப்பதன் மேலேயே எழுதிவிடும். 256ஐ 16 மிச்சமில்லாமல் வகுப்பதால் நம் பதிவுகள் ஓரத்தில் ஒருபோதும் உடைவதில்லை. 15 பைட்டில் தரவை எழுதி முடித்துவிட்டு, பதினாறாவது பைட்டைக் கடைசியாகத் தனியே 00 ஆக்குங்கள். எழுதும் நடுவில் பேட்டரி போனால் அந்தப் பைட் எஃப்எஃப் ஆகவே நிற்கும். அரைகுறைப் பதிவு எது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். பல கோப்புகள், பெயர்கள் என்று வேண்டுமானால் லிட்டில்எஃப்எஸ் போன்ற ஆயத்தக் கோப்பு முறைகள் உண்டு. மின்சாரம் திடீரென்று நிற்பதையும் தேய்மானத்தையும் அவை பார்த்துக்கொள்ளும். ஒரே வரிசையில் பதிவு போடும் கருவிக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

எண்ணிக்கையைச் சேமிக்காவிட்டால், பேட்டரி மாற்றிய பிறகு எங்கே விட்டோம் என்று எப்படித் தெரியும்? சிப்பையே கேட்கலாம். பதிவின் முதல் பைட் ஒருபோதும் எஃப்எஃப் ஆகாதபடி பார்த்துக்கொண்டால் போதும். 8 மெகாபைட்டில் 5,24,288 பதிவுக்கு இடம் உண்டு. நடு இடத்தைப் படியுங்கள். எஃப்எஃப் வந்தால் அங்கே இன்னும் எழுதவில்லை, முன்பாதியில் தேடுங்கள். வேறு எது வந்தாலும் பின்பாதியில். அதிலும் நடு, அதிலும் நடு. இருபது முறை கேட்டால் முதல் வெற்று இடம் கைக்கு வந்துவிடும். 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு கேள்விக்கு 5 மைக்ரோ விநாடி, மொத்தமும் சேர்த்து ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அடுத்த பதிவை அந்த இடத்தில் எழுதிவிட்டு, பி9 அனுப்பி, அடுத்த பத்து நிமிடத்துக்குச் சிப்பைத் தூங்க விடலாம்.